கம்பிக்குக் கொடுத்த கஷாயம்

இரும்பு துருப்பிடிக்கும் என்பதை அரசாங்கம் கொள்கை அளவில் ஏற்றுக்கொண்டு பல காலம் ஆகிவிட்டது. ஏற்றுக்கொண்டதோடு நிற்காமல், அதைத் தடுப்பதற்கென்று ஓர் அலுவலகமும் திறந்து, கட்டடக் காப்பு ஆய்வகம் என்று பெயரும் சூட்டி, வாசலில் பெரிய இரும்பு கேட்டும் போட்டுக் கொடுத்தது. அந்த கேட் துருப்பிடித்துத் திறக்க முடியாமல் போன பிறகு எல்லோரும் பக்கத்துச் சுவரில் இருந்த உடைசல் வழியாகத்தான் உள்ளே வந்துபோனார்கள். அதனால் யாருடைய சம்பளமும் தடைப்படவில்லை.

இந்த ஆய்வகத்தின் மூத்த ஆய்வாளர்தான் துரு சார். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. ஆனால் வேலையில் சேர்ந்த புதிதில் கேன்டீனில் யாரோ "துரு சாருக்கு ஒரு டீ" என்று சொல்லப்போக, அதுவே ஒட்டிக்கொண்டுவிட்டது. வெளியே முகத்தைச் சுளித்துக்கொள்வார். உள்ளுக்குள் அவருக்கு அது பிடிக்கும். பெரிய மனிதர்களின் பெயரைத் தெருவுக்கு வைக்கிறார்கள், தன் பெயராக ஒரு பிரச்சினையே இருக்கிறதே என்ற பெருமை.

பிரச்சினை என்று சொன்னது சும்மா இல்லை. கான்கிரீட் பார்வைக்குத்தான் கல். ஈரமும் உப்பும் உள்ளே புகுந்துவிட்டால் அதற்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து ஊதிக்கொள்ளும். ஊதிய கம்பி தன்னைச் சுற்றியிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து வெளியே தள்ளும். இதைத் தடுக்க ரசாயனங்கள் இருக்கின்றன. விலையும் ஜாஸ்தி, விஷமும் ஜாஸ்தி. துரு சார் என்ன செய்தார் என்றால், வேலியோரம் ஆடுகூட வாய் வைக்காத ஒரு செடியைப் பிடித்துக்கொண்டார். அதன் இலையைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, கான்கிரீட் கலக்கும் தண்ணீரில் சேர்த்தார். இலையின் துவர்ப்பு கம்பியின் மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டது. சாறு சேர்த்த கான்கிரீட் கட்டையையும் சேர்க்காத கட்டையையும் ஒரே உப்புத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி வைத்துவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வருடக்கணக்காக உட்கார்ந்து பார்த்தார். சேர்க்காத கட்டை வெடித்தது. சேர்த்த கட்டை வைத்தது வைத்தபடி இருந்தது.

ஆம், மருந்து நிஜமாகவே வேலை செய்தது. தொல்லையெல்லாம் அதனால் வந்ததுதான். வேலை செய்யாமல் இருந்திருந்தால், மற்ற ஆராய்ச்சிகளைப் போல அதுவும் யாருக்கும் தொந்தரவு தராமல் நிம்மதியாக முடிந்திருக்கும்.

துரு சார் குடியிருந்தது ஆய்வகத்தின் ஊழியர் குடியிருப்பில், முதல் மாடியில். அந்த வீட்டுப் பால்கனியைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கம்பிகள் விலா எலும்பு மாதிரி வரிசையாகத் தெரியும். பராமரிப்புப் பிரிவு ஆட்கள் இரண்டு தடவை பழுது பார்க்க வந்தார்கள். இரண்டு தடவையும் துரு சார் அவர்களை விரட்டிவிட்டார். சாதாரண சிமென்ட்டை வைத்துப் பூசி மெழுகிவிட்டால், அப்புறம் தன் மருந்தை எங்கே போட்டுக் காட்டுவது?

"ஏங்க, துணி காயப்போடப் போனா தரை லேசா தாழ்ந்து போற மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. "நேத்து கீழ் வீட்டுக்காரரோட ஸ்கூட்டர் மேல ஒரு துண்டு விழுந்திருக்கு. அந்த மனுஷன் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பியிருந்தா தலையிலதான் விழுந்திருக்கும்."

"இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோ. முதல் மருந்து நம்ம பால்கனிக்குத்தான்."

"நான் பொறுத்துக்குவேன். அது பொறுக்கணுமே."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனாலேயே துரு சாருக்குக் கோபம் வந்தது. மறுநாளே இயக்குநரிடம் நேரம் வாங்கிக்கொண்டு, கட்டைகளின் படங்களோடு போய் நின்றார்.

அப்போது ஊருக்கே இயற்கைப் பைத்தியம் பிடித்திருந்தது. சோப்பில் இலை, பற்பசையில் வேர், தலையணைக்குள் விதை. பிளாஸ்டிக் நாற்காலியில்கூட பச்சையாக ஓர் இலையை ஒட்டி விலையை ஏற்றிவிட்டார்கள். இயக்குநர் காலையில் மூன்று நிறத்தில் மூன்று சாறு குடித்துவிட்டு அலுவலகம் வருகிறவர். ரத்தக் கொதிப்புக்காக உப்பையும் விட்டவர். துரு சார் படலம், மின்னோட்டம், அயனி என்று விளக்கிக்கொண்டு போகப் போக, அவருடைய கண் இமைகள் அரசு மரியாதையோடு மெல்ல இறங்கின. துரு சாருக்குப் பதற்றமாகிவிட்டது.

"சுருக்கமா சொன்னா சார், இது கம்பிக்குக் கொடுக்கிற கஷாயம் மாதிரி."

இயக்குநர் கண்ணைத் திறந்தார். "கஷாயமா? இதை முதல்லயே சொல்ல வேண்டாமாய்யா? நான் இவ்வளவு நேரம் ஏதோ இன்ஜினியரிங்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். பக்க விளைவு உண்டா?"

"யாருக்கு சார்?"

"கம்பிக்குத்தான்."

"இல்லை சார்."

"பிரமாதம்! நீ ஆய்வாளர் இல்லைய்யா, கம்பி வைத்தியர்!"

துரு சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. 'ஒரு பேச்சுக்குத்தான் அப்படிச் சொன்னேன் சார்' என்று அங்கேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். சொல்லவில்லை. அத்தனை வருட வேலையில் இயக்குநர் அவரை நிமிர்ந்து பார்த்தது அன்றைக்குத்தான். வருகிற புகழை வழிமறித்துத் திருத்திக்கொண்டிருப்பார்களா?

கோப்பு உடனடியாக மரபு மருத்துவ வாரியத்துக்குப் போனது. இலையிலிருந்து எடுக்கப்பட்டு, கொதிக்க வைக்கப்பட்டு, யாதொரு கேட்டினையும் தடுக்கும் பொருட்டு உட்செலுத்தப்படும் திரவம் யாவும் மருந்தே ஆகும் என்று அந்த வாரியத்தின் விதி சொல்கிறது. உள்ளே போகிற இடம் வயிறாகத்தான் இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. வாரியத்தின் டாக்டர் தடித்த கண்ணாடி போட்ட, பொறுமையான மனிதர். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நோயாளி யாரு?"

"நோயாளின்னு யாரும் இல்லை டாக்டர். முறுக்குக் கம்பி."

"வயசு?"

"ஆலையிலேருந்து வந்து ஆறு மாசம் இருக்கும்."

"குழந்தை" என்று எழுதிக்கொண்டார். "எது ஒத்துக்காது?"

"உப்பு."

"இந்தக் காலத்துல யாருக்கு ஒத்துக்குது! மருந்து சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"கம்பி சாப்பிடாது டாக்டர்."

"வெறும் வயிற்றில்" என்று எழுதிவிட்டு டாக்டர் நிமிர்ந்தார். "எல்லாம் சரி. ஆனா மனுஷங்களுக்குக் கொடுத்துப் பார்க்காத மருந்தை வேற யாருக்கும் கொடுக்க எங்க விதியில இடமில்லை."

"வழக்கமா முதல்ல எலிக்குத்தானே கொடுப்பாங்க?"

"எலிக்குக் கொடுக்கணும்னா பிராணிகள் நல வாரியம் சம்மதிக்கணும். மனுஷனுக்கு அப்படி ஒரு வாரியம் இல்லை. சுலபம்."

இப்படியாக, கான்கிரீட்டில் ஊற்ற வேண்டிய சாறு ஆய்வகத்தின் கூட்ட அறைக்கு வந்து சேர்ந்தது. யார் முதலில் குடிப்பது என்று எல்லோரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது துரு சாரே எழுந்து குடித்தார். விஞ்ஞானத்துக்காகத் தன் உடலைக் கொடுத்தவர்கள் எல்லாம் அந்தக் கணம் அவர் மனக்கண்ணில் வந்துபோனார்கள். நாக்கு பலகை மாதிரி ஆகிவிட்டது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. அடுத்து கணக்குப் பிரிவு மேலாளர் குடித்தார். மறுநாள் காலையில் அவர் மாடியில் இருந்த தன் பிரிவுக்கு வந்ததும் கத்தினாரே ஒரு கத்தல்:

"முட்டி வலி போயிடுச்சுய்யா! மேல வந்தேன், கொஞ்சம்கூட வலிக்கலை!"

அன்றைக்குத்தான் லிஃப்டைச் சரிசெய்திருந்தார்கள் என்பது ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

"ஐம்பது வருஷத்துக்குக் கம்பியையே காப்பாத்துற மருந்து, ஆஃப்டர் ஆல் ஒரு முட்டியைக் காப்பாத்தாதா?" என்றார் மேலாளர்.

"ரத்தத்துலயும் இரும்புதானே இருக்கு" என்றார் இயக்குநர். அவர் சொன்ன பிறகு அது ஆராய்ச்சி முடிவாகிவிட்டது.

அப்புறம் கேட்க வேண்டுமா? காலையில் வருகைப் பதிவேட்டுக்கு முன்னால் ஒரு டம்ளர், மாலையில் கிளம்பும் முன் ஒரு டம்ளர். ஊழியர்கள் குடித்தார்கள், ஊழியர்களின் மாமனார்கள் குடித்தார்கள், வேறு அலுவலகங்களிலிருந்து ஆய்வுப் பயணமாக வந்து குடித்தார்கள். வேலிகளெல்லாம் மொட்டையாகின. நேற்று வரை களையென்று பிடுங்கிப் போட்ட செடியைத் தொட்டியில் வைத்து விற்றார்கள். 'துருப்பிடிக்காத முதுமை' என்ற தலைப்பில் ஒரு கருத்தரங்கம் நடந்தது. அதில் சிறப்புரை ஆற்றியவர் யார்? சாட்சாத் துரு சார்தான். முதுமையைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று ஒரு தடவை கேட்டுக்கொண்டார். சால்வையைப் போர்த்தியதும் அந்தக் கேள்வியை மறந்துவிட்டார்.

அன்றிரவு ஒரு பாட்டில் மருந்தை மனைவியிடம் நீட்டினார்.

"இது எதுக்கு?"

"உனக்குத்தான். மூட்டுக்கு நல்லது."

"நீங்க சோதிச்சுப் பார்த்தீங்களா?"

"எல்லாரும் சொல்றாங்களே."

"ஒரு கட்டையைத் தண்ணியில போட்டுட்டு வருஷக்கணக்கா பக்கத்துல உக்காந்து பார்த்தீங்க. என் மூட்டுக்கு மட்டும் எல்லாரும் சொன்னா போதுமாக்கும்!"

சொல்லிவிட்டு அவள் பால்கனிக் கதவைத் திறந்தாள். வாசற்படியில் நின்றபடியே பாட்டிலைக் கவிழ்த்து, தரையில் இருந்த வெடிப்பில் மொத்தத்தையும் ஊற்றினாள். "முதல் மருந்து இதுக்குத்தான்னு சொன்னீங்க. கொடுத்தாச்சு" என்றாள். இந்த மாபெரும் திட்டத்தில் கான்கிரீட்டுக்குப் போய்ச் சேர்ந்த மருந்து மொத்தமே அந்த ஒரு பாட்டில்தான். அது அப்போது யாருக்கும் தெரியாது.

துரு சாருக்குச் சுருக்கென்றது. மறுநாளிலிருந்து அவர் கருத்தரங்கங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டு, அனுமதிக்காக நாயாய் அலைந்தார். ஒருவழியாக வாரியம் சம்மதித்தது. மனிதர்களுக்குத் தீங்கு ஏற்படுத்தாதது நிரூபணமானதால், மேற்படி மருந்தை மேற்படி பால்கனிக்கு வழங்க ஆட்சேபணை இல்லை. பழைய பால்கனியை இடித்தார்கள். புதிதாகக் கம்பி கட்டி, பலகை அடித்தார்கள். துரு சார் தன் கையாலேயே இலை பறித்து, கொதிக்க வைத்து, இரண்டு பெரிய டிரம் நிறைய வடித்து இறக்கினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை யாரும் பார்த்ததில்லை.

கான்கிரீட் போடும் நாளை விழாவாக்கிவிட்டார் இயக்குநர். துணிப் பந்தல், மைக், பளிங்குக் கல்வெட்டு, ஏகப்பட்ட விருந்தினர்கள். வந்தவர்களை வெறுமனே உட்கார வைக்க முடியுமா? ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தார்கள். மருந்துதானே என்று இன்னொரு டம்ளர் கேட்டார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கென்று பாட்டிலிலும் பிடித்துக்கொண்டார்கள். துரு சார் வாழ்த்துரைகளைக் கேட்டுக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்தார். வாழ்த்தப்பட்டது அவர் என்பதால் பாதியில் எழுந்து வர மனம் வரவில்லை.

கான்ட்ராக்டர் மேடைக்குப் பக்கத்தில் வந்து காதைக் கடித்தார். "சார், மிக்ஸர் சுத்திக்கிட்டே இருக்கு. மருந்து வந்தாத்தான் கலவை போட முடியும்."

ஓடிப்போய்ப் பார்த்தால் இரண்டு டிரம்மும் காலி. அடியில் சாய்த்து வழித்ததில் ஒரு ஜக் தேறியது. அதை மார்போடு அணைத்துக்கொண்டார் துரு சார். இதையாவது ஊற்றினால் ஒரு மூலை தப்பிக்கும். மனைவி துணிக்கொடி கட்டும் மூலையில் ஊற்றச் சொல்லலாம்.

"சார், சார், அப்படியே நில்லுங்க!" என்று புகைப்படக்காரர் ஓடிவந்தார். "கண்டுபிடிச்சவரே குடிக்கிற மாதிரி ஒரு போட்டோ."

"குடிக்கிற மாதிரி வாய்கிட்ட வச்சா போதுமா?"

"நிஜமா குடிச்சாத்தான் சார் தொண்டை அசையும். இயற்கையா இருக்கும்."

சுற்றிலும் எல்லோரும் கை தட்டினார்கள். மாடி ஜன்னலில் மனைவி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்ப்பதை அவரும் பார்த்தார். பிறகு ஜக்கைத் தூக்கி, கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

படம் நன்றாக வந்திருந்தது. தொண்டை அசைவதுகூடத் தெளிவாகத் தெரிந்தது.

"தண்ணியை ஊத்திடட்டுமா சார்?" என்று கேட்டார் கான்ட்ராக்டர்.

"ஊத்துங்க" என்றார் துரு சார். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதை மறைக்க, கல்வெட்டைத் திறக்கும்போது எல்லோரையும்விட அவர்தான் பலமாகக் கை தட்டினார்.

ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போயின. புதுப் பால்கனியின் அடியில் பழுப்பாக ஒரு கோடு இறங்கியது. கோட்டோடு ஒரு வெடிப்பு, வெடிப்போடு இன்னொரு வெடிப்பு. இவ்வளவு சீக்கிரம் எப்படி என்று கான்ட்ராக்டரைப் பிடித்து உலுக்கினார் துரு சார்.

"கடற்கரை மணல் சார், கழுவாத மணல்" என்று அவர் தலையைச் சொறிந்தார். "மருந்துதான் போடுறாங்களே, உப்பு என்ன பண்ணிடும்னு மணல்காரன் அனுப்பிட்டான்."

"மருந்து போடலைன்னு உங்களுக்குத் தெரியுமே!"

"எனக்குத் தெரியும் சார். அவனுக்குத் தெரியாதே."

மனைவி அன்றைக்கே பராமரிப்புப் பிரிவுக்குப் போய், இந்தச் சனியனை இடித்துவிட்டு, மருந்தும் வேண்டாம் மாயமும் வேண்டாம், ஒழுங்கான மணலில் ஒரு பால்கனி கட்டிக் கொடுங்கள் என்று கேட்டாள். சிகிச்சையில் இருக்கும் நோயாளியை வாரியத்தின் டிஸ்சார்ஜ் உத்தரவு இல்லாமல் இடிக்க இயலாது என்று பதில் வந்தது. நிலைமையைக் கண்டறிய உயர்மட்டக் குழு ஒன்றும் அமைக்கப்பட்டது. தலைவர் இயக்குநர், உறுப்பினர் டாக்டர், செயலாளர் துரு சார்.

மூவரும் பால்கனிக்குக் கீழே கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்கள்.

"உப்பு சேர்த்திருக்கு" என்றார் டாக்டர். "பத்தியம் இருக்கலை. மருந்து மேல குத்தம் சொல்ல முடியாது."

துரு சார் துணிந்து சொல்லிவிட்டார். "மருந்தே கொடுக்கலை டாக்டர். எல்லாத்தையும் நாமதான் குடிச்சுட்டோம். கடைசி ஜக்கை நான் குடிச்சேன்."

இயக்குநர் கோபித்துக்கொள்வார் என்று அவர் எதிர்பார்த்தார். வேலை போனாலும் சரி, பால்கனியை இடித்துவிடுவார்கள் என்று நிம்மதிகூட வந்தது. ஆனால் இயக்குநரின் முகம் மலர்ந்தது.

"நாம எல்லாரும் குடிச்சோம், இல்லையா?"

"ஆமாம் சார்."

"நமக்குத் துருப்பிடிச்சுதா?"

"இல்லை சார்."

"பால்கனி குடிக்கலை. அதுக்குப் பிடிச்சுது. இதைவிடத் தெளிவான ஆராய்ச்சி உலகத்துல எங்கய்யா இருக்கு?"

துரு சாருக்குத் தலை சுற்றியது. ஒன்றுக்குக் கொடு, இன்னொன்றுக்குக் கொடுக்காதே, இரண்டையும் ஒப்பிட்டுப் பார். அவர் காலமெல்லாம் செய்ததும் இதையேதான். எங்கே தப்பு என்று தெரிந்தது, எந்த வார்த்தையில் சொல்வது என்று தெரியவில்லை. மருந்து உட்கொண்ட ஒருவருக்கும் துருப்பிடிக்கவில்லை எனக் குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. மருந்து உட்கொள்ளாததன் விளைவைப் பொதுமக்கள் நேரில் கண்டு தெளியும் பொருட்டு, பால்கனியை உள்ளது உள்ளபடியே வைத்திருக்கவும் பரிந்துரைத்தது. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதால் துரு சார் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து விவரம் சொன்னார். மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு தடவை பார்த்தாள்.

"உங்களுக்குத் துருப்பிடிக்கலைன்னு யாருங்க சொன்னது?"

பால்கனிக் கதவைப் பூட்டி, சாவியை அவளே வைத்துக்கொண்டாள். துணிக்கொடி கூடத்துக்குள் வந்தது. ஈரப் புடவைகளுக்கு இடையில் குனிந்து நடந்து போய்த்தான் துரு சார் சாப்பிட வேண்டியிருந்தது.

மக்கள் நேரில் காண வருகிற இடமாகிவிட்டதால், மருந்து விநியோகக் கவுன்ட்டரையும் அங்கேயே, பால்கனிக்கு நேர் கீழே திறந்துவிட்டார்கள். திறந்த அன்று காலையிலேயே பாட்டிலும் கையுமாக நீண்ட வரிசை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டுகூட ஒருத்தி நின்றாள். கூடத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த துரு சார் கத்தினார்.

"அங்க நிக்காதீங்க! தள்ளிப் போங்க! எந்த நேரமும் விழும்!"

வரிசையில் ஒருவர் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். "பயப்படாதீங்க சார். நாங்க எல்லாம் குடிச்சிருக்கோம்."

துரு சார் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கி ஓடினார். கூட்டத்துக்குள் புகுந்து இரண்டு பேரைக் கையைப் பிடித்து இழுத்தார். "சார், வரிசையில வாங்க!" என்று நாலு பேர் ஒரே குரலில் அதட்டினார்கள். யாரோ அவர் தோளைப் பிடித்துக் கடைசிக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மூச்சு வாங்கியது. ஓடி இறங்கியதில் இடது முட்டி விண்ணென்று தெறித்தது. குனிந்து தேய்த்துக்கொண்டார்.

"முட்டியா?" என்று பரிவாகக் கேட்டார் முன்னால் நின்றவர். "ஒரு டம்ளர் குடிங்க சார், சரியாயிடும்."

வலி நிஜமாகவே இருந்தது. துரு சார் ஒரு தடவை மேலே பார்த்தார். பிறகு வரிசை நகர்ந்தபோது அவரும் ஓரடி முன்னால் நகர்ந்தார்.